சும்மா இருக்கும் கருவி



மாமல்லபுரம் கடற்கரையில் நின்று வானத்தை அண்ணாந்து பாருங்கள். 4 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து ஒருவர் பாராசூட்டுடன் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம்! வழியில் அவர் மயங்கிவிட்டால் பாராசூட்டை யார் விரிப்பது?

அதற்கென்றே முதுகுப் பையில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஏ.ஏ.டி. என்பார்கள். 1991-ல் ஜெர்மனியில் வந்த 'சைப்ரஸ்' இதில் பிரபலமானது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் அதுவே கணக்குப் போடும். சுமார் 225 மீட்டருக்கு இறங்கிய பிறகும் வேகம் விநாடிக்கு 35 மீட்டரைத் தாண்டியிருந்தால், ரிசர்வ் பாராசூட்டைக் கட்டிவைத்திருக்கும் கயிற்று வளையத்தைப் பட்டென்று அறுத்துவிடும். அப்போது தரைக்கு மிச்சம் நாலைந்து விநாடிதான்!

வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான கருவிகள் வாழ்நாளில் ஒரு தடவைகூட அறுப்பதில்லை. சும்மாவே இருக்கின்றன. "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு சர்வீஸ்?" என்று யாருக்கும் தோன்றும். ஆனால் முதல் சைப்ரஸைச் செய்தவர்கள் கறாராக எழுதி வைத்தார்கள்: 2 ஆண்டில் பேட்டரி மாற்று, 4 ஆண்டுக்கு ஒருமுறை தொழிற்சாலைக்கு அனுப்பு, 12 ஆண்டு ஆனால் தூக்கிப் போடு. அமெரிக்கச் சட்டமும், கருவியைப் பொருத்தினால் தயாரிப்பாளர் சொன்னபடி பராமரித்தே ஆகவேண்டும் என்கிறது. பெல்ஜியம் நாட்டு 'விஜில்' கருவிக்கு இப்படிக் கட்டாயத் தவணை இல்லை. அது நல்ல டிசைனாகவே இருக்கட்டும். ஆனாலும் பேட்டரியைப் பார்ப்பதும், தேதியைப் பார்ப்பதும் மனிதன் வேலைதானே?

"நாம என்ன பாராசூட்டா கட்டப் போறோம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

போன விடுமுறையில் ஒரு தொழிற்சாலைக்கு டிரெயினிங் போனேன். அங்கே ஒரு ஏர் கம்ப்ரஸர். அதன் சேஃப்டி வால்வு மேல் நாலு கோட்டு பெயிண்ட்! வளையத்தைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. லாக் புக்கைப் புரட்டினேன். மாதாமாதம் 'ஓ.கே.' என்று கையெழுத்து. கேட்டதற்கு, "தம்பி, இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலியே" என்றார் அண்ணன். நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். டாங்கில் அழுத்தம் ஏறும் ஒருநாள், பக்கத்தில் நிற்பவன் நம்மைப் போல ஒரு பையனாகத்தான் இருப்பான்.

'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்பது ஒரு சோதனை முடிவா? 2004 டிசம்பர் 25 வரை நம் கரையில் சுனாமி என்ற சொல்லே பலருக்குத் தெரியாது. மறுநாள் காலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸுக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2-ஆவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. எந்த நாளில் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாத ஏற்பாடுகள், தேவைப்பட்ட அன்று தயாராக இருந்தன.

நண்பர்களே, டிகிரி படித்தவர் டிசைன் போடுவார். முதலாளி பணம் போடுவார். லாக் புக்கில் கையெழுத்துப் போடப்போவது டிப்ளமோக்காரர்களான நாம்தான்! அதனால் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. செமஸ்டருக்கு ஒருநாள், நம் ஒர்க்‌ஷாப்பிலும் லேபிலும் உள்ள தீயணைப்பான்கள், வால்வுகள், எமர்ஜென்சி ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் ஆசிரியர் துணையோடு நாமே சோதித்து, தேதியோடு எழுதி ஒட்டுவோம். வரும் ஆண்டு மலரில் அந்தப் பட்டியலையும் அச்சிடுவோம்.

நாளை வேலைக்குப் போகும் இடத்தில் "சும்மா ஒரு சைன் போடு தம்பி" என்று யாராவது சொன்னால், முதலில் வளையத்தை இழுத்துப் பாருங்கள். காற்று 'புஸ்'ஸென்று வந்த பிறகு பேனாவை எடுங்கள்!