ஒழுங்கையில் நாய் நின்றால்



மத்ரஸாவுக்குப் புறப்படும் பிள்ளையிடம் "நாய் பட்டுவிடாமல் போ" என்று சொல்லி அனுப்புகிறோம். உடுப்பு நஜீஸாகிவிடுமே என்பது நமது கவலை. ஆனால் நாய் எதிரே வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளை அலறிக்கொண்டு ஓடுகிறது, அல்லது கல்லெடுத்து எறிகிறது. இரண்டுமே ஆபத்து. ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம்.

வாலை ஆட்டினால் சிநேகம் என்று பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. உடம்பு தளர்ந்து, இடுப்பும் வாலும் சேர்ந்து ஆடினால் பெரும்பாலும் பயமில்லை. உடம்பை விறைப்பாக்கி, வாலை உயர்த்திச் சிறிதாக ஆட்டியபடி கண் இமைக்காமல் பார்த்தால் விலகிவிட வேண்டும். முதுகு மயிர் சிலிர்ப்பதும், பல்லைக் காட்டுவதும், உறுமுவதும் எச்சரிக்கைதான். வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு ஒதுங்கும் நாய் பயந்த நாய். பாவம் என்று கிட்டப் போய்விடாதீர்கள். தப்ப வழியில்லாவிட்டால் அதுவும் கடிக்கும். குட்டி போட்ட நாய், தின்னும் நாய், தூங்கும் நாய் இவற்றின் பக்கமே போகக் கூடாது.

நாய் கிட்ட வந்தால் மரம் போல நிற்க வேண்டும். கைகளைக் கட்டி, பார்வையை நிலத்தில் வைத்து, சத்தம் போடாமல் நின்றால் பெரும்பாலும் மோந்துவிட்டுப் போய்விடும். பிறகு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கலாம். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். வீட்டு முற்றத்தில் விளையாட்டாகவே இதைப் பழக்குங்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சிப் பையோடு சிறுபிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். நாய் தொடர்ந்து வந்தால் பையைப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இறைச்சி போனால் போகட்டும்.

என் மகனுக்கு ஒருமுறை நாய்க்குட்டியின் பல் கீறிவிட்டது. நான் ஏசுவேன் என்று பயந்து இரண்டு நாள் மறைத்தான். ஒளித்து வைத்த காற்சட்டை கையில் கிடைத்ததால்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் ஏசியது அன்று அவனையல்ல, என்னைத்தான். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் தப்புவது மிக மிக அரிது. குட்டிக்கும் அந்நோய் இருக்கலாம், சிறு கீறலே போதும்.

கடித்தால் உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். மண் கலந்து ஏழு தடவை கழுவும் சட்டம் நமக்குத் தெரிந்ததே. ஆனால் திறந்த காயத்தில் மண்ணைத் தேய்க்காதீர்கள்; சுத்தம் பற்றிப் பிறகு ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். கொப்பூழைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது; இப்போது கையில்தான் போடுகிறார்கள். சொன்ன திகதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். நாயை அடித்துக் கொல்ல ஆளனுப்பாதீர்கள். அது யாருடைய நாய், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று டொக்டர் கேட்பார்.