வால் உரசினால் விமானி மட்டுமா பொறுப்பு?

2025 மார்ச் 8 அன்று மும்பையிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ நிறுவனத்தின் ஏ321 விமானம் தரையிறங்குகையில் அதன் வால் பகுதி ஓடுபாதையில் உரசியது. பயணிகள் பத்திரமாக இறங்கினர். விமானம் பழுதுநீக்கத்திற்காக நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 16 அன்று பாங்காக்கிலிருந்து மும்பை வந்த அதே நிறுவனத்தின் அதே வகை விமானம், தரைக்கு மிக அருகில் இறக்கத்தைக் கைவிட்டு மேலெழ முயன்றபோது மீண்டும் வால் உரசியது. உயிர்ச்சேதம் இல்லாததால் இரண்டும் ஓரிரு நாள் செய்திகளாகவே முடிந்துபோயின.

ஏ320 விமானத்தைவிட ஏ321 ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமானது. கடைசி நொடிகளில் வேகம் குறைந்து, மூக்கு சற்றே கூடுதலாக உயர்ந்தாலும், அல்லது சக்கரம் தரையில் பட்டுத் துள்ளினாலும் பின்பகுதி தளத்தைத் தொட்டுவிடும். அந்த நொடிகளில் விமானியின் கவனமும் பயிற்சியும்தான் காப்பு. ஆகவே தவறு விமானியுடையது என்று தீர்ப்பெழுதுவது எளிது. 2023 ஜூன் 15 அன்று அகமதாபாத்தில் வால் உரசியபோது விமானியின் உரிமம் மூன்று மாதமும் துணை விமானியின் உரிமம் ஒரு மாதமும் முடக்கப்பட்டன. ஆனால் அதே ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் அந்நிறுவனத்தின் ஏ321 விமானங்களில் நான்கு முறை வால் உரசியிருந்தது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்திய சிறப்புத் தணிக்கையில், இயக்கம், பயிற்சி, பொறியியல் ஆகியவற்றுக்கான நடைமுறை ஆவணங்களிலேயே குறைபாடுகள் இருப்பது தெரியவந்தது. விதிக்கப்பட்ட அபராதம் 30 லட்சம் ரூபாய். அந்த நிதியாண்டில் நிறுவனம் ஈட்டிய நிகர லாபமோ எட்டாயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகம்.

உரசல்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. 1978இல் ஒசாகாவில் தரையிறங்கும்போது ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானம் வால் உரசியது. போயிங் நிறுவனத்தின் பழுதுநீக்கும் குழுவே பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரைத் தவறாக இணைத்தது. இரண்டு வரிசை ஆணிகள் தாங்கவேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கிற்று. ஏழாண்டுகள் பறந்த பிறகு, 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுவர் பிளந்தது. 520 பேர் மாண்டனர். 1980இல் ஹாங்காங்கில் வால் உரசிய சைனா ஏர்லைன்ஸ் விமானம், அரைகுறைப் பழுதுநீக்கத்தோடு 22 ஆண்டுகள் பறந்து 2002இல் நடுவானில் சிதறியது. மாண்டவர் 225 பேர்.

பாலக்காட்டு மக்களுக்குக் கரிப்பூரை நினைவூட்ட வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோடு விமான நிலையத்தின் மேட்டுநிலத்திலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சரிந்து விழுந்து, விமானிகள் இருவர் உள்பட 21 பேர் இறந்தனர். விதிமுறைகளைப் பின்பற்றாத விமானியையே விசாரணை அறிக்கை முதற்காரணமாகச் சுட்டியது. ஆனால் கோழிக்கோட்டில் போதிய கேப்டன்களை நியமிக்காத ஆள்பலக் கொள்கையையும் அது குறை கூறியது. மறுநாள் காலை விமானத்தை ஓட்டும் பொறுப்பும் அவருக்கே இருந்தது. வேறு நிலையத்துக்குத் திருப்பியிருந்தால் அந்தப் பயணம் தடைப்பட்டிருக்கும். அன்று அது பொதுத்துறை நிறுவனம்தான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆட்குறைப்பில் தனியாரைப் பின்பற்றும் பொதுத்துறையில் பாதுகாப்பும் தனியாரைப் போலவே தேயும்.

விமானிகளின் களைப்பைக் குறைக்க 2024 ஜனவரியில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயரும். இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். நிறுவனங்கள் எதிர்த்தன, விதிகள் தள்ளிவைக்கப்பட்டன. நீதிமன்றம் வரை சென்ற பிறகே, 2025 நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. தயாராவதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் இருந்தும் இண்டிகோ போதிய விமானிகளைத் திட்டமிடவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் ஒரே நிறுவனம் தடுமாறியதும் ஒன்றிய அரசு பணிந்தது. 2026 பிப்ரவரி 10 வரை அதற்கு விலக்கு அளித்தது. நிறுவனத்தின் திட்டமிடாமைக்கு விமானியின் தூக்கம் ஈடாக்கப்பட்டது. கண்காணிக்க வேண்டிய இயக்குநரகத்திலோ அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலி.

கஞ்சிக்கோட்டுத் தொழிலாளர்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. அவர்களின் ஊர் வழியே வாளையாறு காட்டைக் கடந்து இரவு ரயில்களை ஓட்டும் லோகோ பைலட்டுகளின் நிலையும் இதுவே. 2021 நவம்பரில் மதுக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தபோது வழக்குப் பதியப்பட்டது ஓட்டுநர்கள் மீது. 2024 ஜூன் முதல் தென்னக ரயில்வேயின் லோகோ பைலட்டுகள், வாரத்தில் 46 மணி நேர ஓய்வும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது என்ற உறுதியும் கேட்டுப் போராடினர். விமானி கேட்பதும் ஏறத்தாழ அதே கணக்குதான். விமானிகளுக்கான ஓய்வு விதிகளை எந்த விலக்கும் இன்றி நடைமுறைப்படுத்த வேண்டும். இயக்குநரகத்தின் காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வால் உரசல் விசாரணையிலும் விமானியின் முந்தைய வாரப் பணிநேரப் பட்டியலும், பின்னர் செய்த பழுதுநீக்கத்தின் விவரமும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.