சிவனேரிப் பாறையின் செல்வம்

அதிக உபசாரம் செய்தால் விருந்தாளி சொல்லாமல் ஓடிப்போய்விடுவார். செடிக்கு ஓடத் தெரியாது; ஆகையால் அது செத்துப் போகிறது. ஜலம் விடாததால் வாடிய செடிகளுக்காக இரங்குகிறவர்கள் பலர் உண்டு. ஜலம் விட்டு விட்டே கொல்லப்பட்ட செடிகளுக்காகக் கண்ணீர் வடிப்பவர் யாரும் இல்லை. ஒருவேளை வடித்தாலும், அந்தக் கண்ணீர் தொட்டிக்குள் விழாமலிருப்பது உத்தமம்!

நம் வீடுகளில் இக்காலத்தில் சதைப்பற்றுள்ள செடிகளின் மேல் ஒரு மோகம் பரவியிருக்கிறது. ஜன்னலோரத்தில் கையகலத் தொட்டி, அதில் பருத்த தண்டும் தடித்த இலையுமாக ஏதோ ஒன்று. அவற்றில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவையும் மெக்ஸிகோவையும் பூர்வீகமாக உடையவை. பாரத தேசத்துக்கே உரியதும், உலகத்தில் வேறெங்கும் இயற்கையில் வளராததுமான ஒரு சதைச் செடி உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதைப் பற்றியும், உப்புக் காற்று வீசும் நமது மரக்காணத்தில் அதை வளர்க்கும் வழியைப் பற்றியும் இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம்.

புனே ஜில்லாவில் ஜுன்னர் என்ற ஊரையடுத்துச் சிவனேரிக் கோட்டை நிற்கிறது. 1630-ஆம் வருஷத்தில் சிவாஜி மகாராஜா பிறந்த இடம் அது. அந்த வட்டாரத்தின் செங்குத்தான கரும்பாறை வெடிப்புகளில் தொங்கிக் கொண்டிருந்த ஒரு செடியை, டால்ஸெல் என்ற ஸ்காத்லாந்து தேசத்துத் தாவர சாஸ்திரி உலகுக்கு அறிவித்தார். அப்போது பம்பாய்க் கவர்னராயிருந்தவர் ஸர் பார்ட்டில் பிரியர். அவருடைய பெயரைச் சேர்த்துப் 'பிரேரியா இண்டிகா' என்று செடிக்கு நாமகரணம் ஆயிற்று. சிவாஜி பிறந்த மலையில் பிறந்த செடிக்கு வெள்ளைக்காரக் கவர்னரின் பெயர்! கவர்னர் 1867-ல் பதவியை விட்டுப் போனார். பிற்காலத்துச் சாஸ்திரிகள் செடியை வேறொரு பிரிவில் சேர்த்துப் 'பௌஸெரோஸியா பிரேரி' என்று பெயரைத் திருத்தினார்கள்; அதிலும் கவர்னர் மட்டும் நகரவில்லை. மராட்டியில் அதற்கு 'ஷிண்டல் மாகுடி' என்று பெயர். நாம் சிவனேரிச் செடி என்றே அழைப்போம்.

இது எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. எருக்கைப் போலவே இதன் காய்கள் இரட்டையாக வரும். வெடித்தால் பட்டுக் குஞ்சத்துடன் விதைகள் காற்றில் பறக்கும். தண்டு விரல் பருமன், சாம்பல் பூத்த பச்சை. பாறையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். மலர் ஐந்து முனை நட்சத்திரம். கருஞ்சிவப்பு நிறத்தில் மஞ்சள் புள்ளிகள். பார்த்தால் மகிழலாம், முகர்ந்தால் மகிழ இயலாது. அந்த வாடை நமக்காக ஏற்பட்டதன்று. மகரந்தத்தைச் சுமக்கும் ஈக்களுக்காக ஏற்பட்டது. ஆகவே இப்பூ தலைக்கும் ஆகாது, பூஜைக்கும் ஆகாது. செடியிலேயே இருக்கட்டும்.

இச்செடியின் உறவினர்களில் மிகப் பலவற்றுக்கு இலையே கிடையாது. சிவனேரிச் செடிக்கோ மழைக்காலத்தில் நல்ல இலைகள் உண்டு. கோடையில் அவை உதிர்ந்துவிடும். இதன் காரணத்தை லாங்கே, ஸூபர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1977-ல் வெளியிட்டார்கள். இலைகள் சாதாரணச் செடிகளைப் போலப் பகலில் காற்றை உட்கொள்கின்றன. தண்டோ கற்றாழையைப் போல, வெயிலில் ஈரம் வீணாகாதபடி பகலில் துவாரங்களை மூடிக்கொண்டு இரவில் உட்கொள்கிறது. மழைக்காலத்தில் தாராளச் செலவு, வறட்சியில் சிக்கனம். ஒரே செடிக்குள் இரண்டு விதமான குடித்தனம்! இந்த உண்மையைப் புரிந்துகொண்டால் வளர்ப்பு முறையில் பாதி தெரிந்துவிட்டது எனலாம். இலை இருக்கும்போது ஜலம் விடலாம். இலை உதிர்ந்தபின் விடலாகாது. நம்மவர் செய்வது இதற்கு நேர் விரோதம். இலை உதிர்வதைக் கண்டதும், 'ஐயோ, தாகம் போலிருக்கிறது' என்று ஒரு செம்பு ஜலத்தைக் கவிழ்க்கிறார்கள். உறங்கும் வேருக்கு அதைக் குடிக்கச் சக்தி இல்லை, அழுகிப் போகிறது.

மரக்காணத்தில் இச்செடிக்கு மூன்று சத்துருக்கள் உண்டு. முதலாவது உப்பு ஜலம். 'உப்பளத்து ஓரத்தில் உமரி செழிக்கிறதே, அதுவும் சதைச் செடிதானே?' என்று நம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. உமரியின் இலை பருத்திருப்பது உட்கொண்ட உப்பைத் தண்ணீரால் நீர்க்கச் செய்து சமாளிப்பதற்காக. சிவனேரிச் செடியின் தண்டு பருத்திருப்பது மழை ஜலத்தைச் சேமித்து வைப்பதற்காக. உருவம் ஒன்றுபோல் இருந்தாலும் பழக்கம் வேறு. ஆகையால் உவர்ப்பேறிய கிணற்று ஜலம் இதற்கு விஷம். மழை ஜலத்தைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்வதே நல்லது. ஆண்டு முழுவதற்கும் ஒரு தொட்டிக்கு வேண்டியது அதிகமில்லை.

இரண்டாவது, உப்புக் காற்று. நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. இச்செடிக்குக் காலை இளவெயில் பிடிக்கும். ஆனால் கிழக்கே திறந்த இடத்தில் வைத்தால் இளவெயிலோடு உப்பும் வந்து இலையில் படியும். எனவே வெயில் படும்படியாகவும், கடற்காற்று நேரே மோதாமல் ஒரு கைப்பிடிச் சுவரோ தட்டியோ மறைக்கும்படியாகவும் இடம் பார்க்க வேண்டும். உச்சி வெயிலுக்கு லேசான நிழல் இருக்கட்டும்.

மூன்றாவதே பெரிய சத்துரு. அதுதான் நமது பருவமழை. சிவனேரியில் மழை ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு ஓய்கிறது. நமக்கோ பெரு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. செடி இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும் சமயத்தில் நம் வானம் கொட்டத் தொடங்குகிறது. போதாக்குறைக்குப் புயல் வேறு. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் நமது கரையிலேதான் ஏறியது. ஆகவே ஆனியிலிருந்து புரட்டாசி வரை, மண் நன்றாகக் காய்ந்தபின் ஜலம் விட்டு, சிவனேரியின் மழைக்காலத்தை நாமே உண்டாக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்து, ஜலத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இலை உதிர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். பனிக்காலத்திலும் மாசி, பங்குனியிலும், தண்டு மிகவும் சுருங்கினால் மட்டும் ஒரு வாய் ஜலம் போதும். இந்தக் கணக்கை நமது உப்பளத் தொழிலாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாத்தியில் காலத்தில் நிற்கும் ஜலம் உப்பாகிறது. அகாலத்தில் பெய்யும் ஜலம் விளைந்த உப்பையும் கரைத்துவிடுகிறது.

நிற்க. நடும் முறையைச் சொல்லுவோம். அகலமான, ஆழமில்லாத மண் தொட்டி வேண்டும். அடியில் துவாரம் இருக்க வேண்டும். துவாரத்தின்மேல் ஓட்டுச் சில்லுகளைப் பரப்பவும். கருங்கல் பொடிச் சல்லி இரண்டு பங்கு, கொரகொரப்பான ஆற்று மணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை எரு ஒரு பிடி, இவ்வளவுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று கடல் மணலை அள்ளிப் போடாதீர்கள். பசுஞ்சாணமும் வேண்டாம். தொட்டியில் ஜலம் விட்டால் அது தங்காமல் உடனே கீழே வடிய வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஒரு சாண் நீளத்துக்குத் தண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டி, நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள். வெட்டு வாய் ஆறித் தோல் கட்டிய பிறகு மணலின்மேல் கிடத்தி வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். வெட்டிய அன்றே நட்டால் காயத்தின் வழியே அழுகல் புகும். தண்டின் அடியில் கருத்துக் குழைந்தால் தாமதிக்காமல் மேலேயுள்ள நல்ல பாகத்தை வெட்டிக் காய வைத்து மறுபடி நட வேண்டும். வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி கண்டால், வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்த ஜலத்தில் துணியை நனைத்துத் துடைத்துவிடலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். உலகத்தில் மிகவும் அபாய நிலையிலுள்ள 12 தாவரங்களுள் ஒன்றாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இச்செடியை ஒரு காலத்தில் குறிப்பிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் சிவனேரி, புரந்தர், சஜ்ஜன்கட் முதலிய சில மலைகளில்தான் இது இயற்கையாக வளருகிறது. ஆடு எட்டாத செங்குத்துப் பாறையில் இருப்பதே அங்கே பிழைக்கிறது. ஆனால் ஆடு எட்டாத இடத்துக்கும் மனிதனுடைய ஆசை எட்டிவிடுகிறதே! காட்டிலிருந்து எடுத்த செடியை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று இந்திய சர்க்கார் தடை செய்த பட்டியலில் இதுவும் இருக்கிறது. இந்தியத் தாவர ஆய்வுத் துறையினர் இதைத் தோட்டத்தில் பெருக்கி வளர்த்திருக்கிறார்கள். மலைகளில் திரும்ப நடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

இந்த ஆபத்து சிவனேரிக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் வறண்ட பிரதேசத்தில், கூழாங்கல்லைப் போன்ற 'கோனோபைட்டம்' செடிகளைச் சமீப வருஷங்களில் திருடர்கள் மூட்டை மூட்டையாகப் பெயர்த்துச் சென்றார்கள். கலிபோர்னியாவில் 'டட்லியா' என்ற செடிக்காகவே 2021-ல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இவையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் எது? நம்மைப் போன்ற நல்ல குடும்பங்களின் ஜன்னலோரந்தான்.

நமது தமிழ்நாட்டுப் புன்செய்க் காடுகளிலும் கல்லாங்குத்துகளிலும் சிவனேரிச் செடியின் உறவு ஒன்று இருக்கிறது. கள்ளிமுளையான் என்று சொன்னால் கிராமத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆடு மேய்க்கும் சிறுவர்கள் அதை ஒடித்துத் தின்பார்கள். துவையல் அரைப்பவர்களும் உண்டு. பசியை அடக்கும் என்று சொல்லி அதன் சாரத்தை மாத்திரையாக்கி அயல்நாடுகளில் விற்கிறார்கள். தின்பதற்கு நான்கு துண்டு ஒடிப்பது ஒன்று. மூட்டை கட்டி விற்பதற்கு வேரோடு பெயர்ப்பது வேறு. அத்துடன் கல்லாங்குத்து நிலங்கள் மனைகளாக மாறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று ஷிண்டல் மாகுடிக்கு நேர்ந்தது நாளை கள்ளிமுளையானுக்கு நேராது என்பதற்கு யார் பிணை?

'அபூர்வச் செடியை நம் வீட்டில் வைத்து வளர்ப்பதே அதைக் காப்பதுதானே?' என்று சிலர் கேட்கக்கூடும். அது அரை உண்மை. ஒரே செடியிலிருந்து வெட்டி நட்டவை நூறு தொட்டிகளில் இருந்தாலும், அவை நூறு செடிகளல்ல. நூறு இடத்தில் இருக்கும் ஒரே செடி. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். ஈயும் விதையும் காற்றும் கூடித் தலைமுறை தலைமுறையாக வெவ்வேறு குணங்களோடு உண்டாக்கும் செடிகள் பாறையிலேதான் உண்டு. நமது தொட்டி பாறைக்கு ஈடாகாது. பாறையிலுள்ளதைத் தொடாமல் நம் ஆசையைத் தீர்த்துக்கொள்ள உதவும் என்பதே அதனால் வரும் நன்மை. அது சிறிய நன்மை அல்ல.

ஆகவே நேயர்கள் செடி வாங்கும்போது விலையைக் கேட்குமுன், 'இது எங்கே பிறந்தது?' என்று கேட்க வேண்டும். தோட்டத்தில் துண்டு வைத்து வளர்த்த செடி இளந்தண்டும் புது வேருமாக ஒரே சீராக இருக்கும். வெயிலில் வடுப்பட்ட பழந்தண்டு, முறிந்த பெருவேர், வேரிடுக்கில் கற்சில்லு, இவற்றுடன் ஒன்று மலிவாகவோ ரகசியமாகவோ விலைக்கு வந்தால், அது மலையிலிருந்து வந்தது என்று சந்தேகிக்கலாம். அதை வாங்காதிருப்பதும் செடி வளர்ப்பில் சேர்ந்ததே. தொட்டியில் ஜலத்தை அடக்கத் தெரிந்த கைக்குக் கடையில் ஆசையை அடக்குவது கஷ்டமாயிராது.

கறிவேப்பிலைக் கன்றையும் மருதோன்றிக் குச்சியையும் நம் வீட்டுப் பெண்மணிகள் விலைக்கா வாங்கினார்கள்? அண்டை வீட்டில் கேட்டு வாங்கி நட்டார்கள். கேட்டவருக்கு ஒடித்தும் கொடுத்தார்கள். சிவனேரிச் செடிக்கும் அந்த வழக்கம் பரவட்டும். ஒரு தொட்டி செழித்தால் சித்திரையில் நான்கு துண்டு வெட்டி நான்கு வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, ஐப்பசியில் உள்ளே எடுத்து வைக்கும்படியும், இலை உதிர்ந்தால் ஜலம் விடாமலிருக்கும்படியும் மறவாமல் சொல்லிக் கொடுங்கள்.