தோற்றவருக்கு இடம் விடாத சமாதானம்

1798 ஆகஸ்டில் ராமநாதபுரம் கலெக்டர் ஜாக்சன் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓர் ஆணை அனுப்பினார். இரண்டு வாரத்துக்குள் வீரபாண்டிய கட்டபொம்மன் ராமநாதபுரத்தில் தம்மை வந்து பார்க்க வேண்டும் என்றது அந்த ஆணை. அனுப்பிய கையோடு கலெக்டர் சுற்றுப்பயணம் புறப்பட்டுவிட்டார். குற்றாலத்துக்குப் போய்க் காத்திருந்த கட்டபொம்மனுக்குப் பேட்டி மறுக்கப்பட்டது. சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர் என்று கலெக்டரின் கூடாரம் நகர்ந்த வழியெல்லாம் அவரும் பின்னாலேயே போனார். சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்றைக்கும் ராஜபாளையத்தைக் கடந்துதான் வர வேண்டும். நாம் தினமும் பேருந்தில் போய்வரும் இந்தச் சாலையின் திசையில்தான் ஒரு பாளையக்காரர் தம் ஆட்களோடு அலைக்கழிக்கப்பட்டார். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் ஒருவழியாகப் பேட்டி கிடைத்தபோது அது கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மனின் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

கட்டபொம்மன் பக்கம் பிழையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. கப்பப் பாக்கி இருந்தது. எட்டயபுரத்தோடு எல்லைத் தகராறும் இருந்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியே அமைத்த விசாரணைக் குழு ஜாக்சனின் நடத்தையில்தான் குறை கண்டது. அவர் பதவி இழந்தார், தானாபதி விடுதலையானார், புதிய கலெக்டராக லூஷிங்டன் வந்தார். அந்தச் சில மாதங்களில் நியாயமான ஓர் ஏற்பாட்டுக்கு வழி திறந்திருந்தது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மடிந்ததும் கம்பெனியின் படைகளுக்குக் கை ஒழிந்தது. அதற்குப் பிறகு பேசித் தீர்க்க வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இருக்கவில்லை.

போரில் வென்றவர் எழுதும் சமாதானம், தோற்றவர் உயிரோடும் மானத்தோடும் இருக்க இடம் விடாவிட்டால், அது அடுத்த போருக்கு நாள் குறித்துவிடுகிறது. உக்ரைனுக்கும் காசாவுக்கும் சமாதான வரைவுகள் பேசப்படும் காலத்தில் இதைச் சொல்ல வெர்சாய் வரை போக வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்திலேயே 1799-க்கும் 1801-க்கும் இடைப்பட்ட பதினைந்து, பதினாறு மாதங்கள் சாட்சியாக நிற்கின்றன.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். தானாபதி பிள்ளையின் தலையை வெட்டிப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் செருகி வைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், வரவழைக்கப்பட்ட மற்றப் பாளையக்காரர்களின் கண்முன் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பானர்மேன் அதோடு நிற்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்கள் பறிமுதலாயின. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. கட்டபொம்மனின் தம்பிகள் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனார்கள். கப்பம் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும், எதிர்த்தவர்களுக்கும் ஒதுங்கி நின்றவர்களுக்கும் சேர்த்தே வந்தது ஆயுத ஆணை. பாளையத்தை நம்பி வாழ்ந்த காவல்காரருக்கும் சேவகருக்கும் இனி என்ன பிழைப்பு என்ற கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

சீமை முழுக்க அமைதி திரும்பிவிட்டதாகக் கம்பெனி நம்பியது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் தோழர்களும் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது, இடித்துத் தள்ளிய இடத்தில் மண்கோட்டை மறுபடியும் எழும்பி நின்றது. அவர் பாளையங்கோட்டைக்குத் திரும்ப நேர்ந்தது. மார்ச் 31-இல் நடந்த தாக்குதலும் தோற்றது. கோட்டை விழுந்தது மே 24-இல், கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்த பிறகே. கோட்டை மறுபடி எழும்பிய அந்தச் சில நாள்களில் மண் சுமந்தவர்கள் யார் என்று வரலாற்று ஆசிரியர்கள் கேட்க வேண்டிய அளவுக்குக் கேட்கவில்லை என்பது நம் குறை. சிறையிலிருந்து தப்பி வந்த சிலர் மட்டும் ஒரு கோட்டையைக் கட்டிவிட முடியாது. சுற்றுவட்டத்து ஊர்கள் திரண்டு வராமல் அது நடந்திருக்காது. ஊர்களை அப்படித் திரட்டியதில் பானர்மேனின் ஆணைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது போர் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியும் அதன் நேசப் பாளையங்களும் மட்டும் நின்ற இடத்தில், 1801-இல் சிவகங்கையின் மருது சகோதரர்களும் சேர்ந்து நின்றார்கள். ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஒரு பாளையத்தின் கப்பத் தகராறு, எல்லாச் சாதியினரையும் மதத்தினரையும் பெயர் சொல்லி அழைக்கும் போராக மாறியிருந்தது. அது ஒடுக்கப்பட்ட விதத்தை விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள். 1802 பிப்ரவரியில் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமியும் ஒருவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1801-க்குப் பிறகு கம்பெனி இன்னும் கொடுமையாகத்தானே நடந்துகொண்டது, ஆனாலும் மூன்றாவது பாளையக்காரர் போர் வரவில்லையே, அப்படியானால் கொடுமை போதாமல் போனதுதான் 1799-இன் பிழையா? இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. போரில் வென்ற எல்லாத் தலைநகரங்களிலும் இன்றும் இதைத்தான் பேசுகிறார்கள்.

1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். ஆயுதம் வைத்திருப்பதை அது தடை செய்தது. கூடவே, கீழ்ப்படியும் பாளையக்காரர்களுக்கு நிலத்தில் நிரந்தர உரிமையும் மாறாத தீர்வையும் தருவதாக வாக்களித்தது. 1803-இல் அந்த வாக்கு நிறைவேறியது. சிவகிரி, சேத்தூர், எட்டயபுரம் போன்ற பாளையங்கள் நில உரிமை தரும் சனது பெற்று ஜமீன்களாயின. சேத்தூர் ஜமீன் சுதந்திரத்துக்குப் பின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நீடித்தது. எதிர்த்தவர்களின் தலையை எடுத்த அதே கை, மிச்சமிருந்தவர்களுக்கு இழக்க முடியாத ஒன்றைக் கொடுத்தது. கம்பெனி தர்மம் கருதி இதைச் செய்யவில்லை. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையின் முன் செத்த தன் சிப்பாய்களின் கணக்கைப் பார்த்துச் செய்தது. மூன்றாவது போரைத் தடுத்ததில் தூக்குக் கயிற்றைவிட இந்தச் சனதுகளுக்கே அதிகப் பங்கு என்பது நம் கருத்து.

ஆனால் அந்த இடமும் ஜமீன்தார்களுக்கு மட்டுமே கிடைத்தது. ஊர்க்காவல் உரிமையையும் அதற்குரிய வருமானத்தையும் இழந்த காவல்காரர்களுக்குச் சனது எதுவும் வரவில்லை. காவல் போனதற்கும் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கும் நடுவே ஒரே கோடு இழுத்துவிட முடியாது. இடையில் நூறாண்டும் பல காரணங்களும் உண்டு. ஆனாலும் காவல் காத்த குடிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுத்தது, கம்பெனியின் இடத்துக்கு வந்த பிரிட்டிஷ் அரசுதான். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். 1801-இல் கணக்கு முடிந்தது என்று சொல்பவர்கள் பெருங்காமநல்லூருக்கும் போய் வர வேண்டும்.

ஐரோப்பாவின் கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1919 ஜூன் 28-இல் வெர்சாயில் ஜெர்மனியிடம் கையெழுத்து வாங்கினார்கள். பேச்சுவார்த்தையில் அதற்கு இடம் தரவில்லை. போருக்கான பொறுப்பை 231-ஆவது பிரிவு ஜெர்மனி மீதும் அதன் நேச நாடுகள் மீதும் சுமத்தியது. 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் நஷ்டஈடு என்று கணக்குக் காட்டினார்கள். 1923-இல் தவணை தவறியதற்காக ரூர் பகுதிக்குள் படை புகுந்தது. வெர்சாய் ஒன்றே ஹிட்லரை உண்டாக்கியது என்பது மிகை. 1929-இன் பொருளாதாரச் சரிவு இல்லாமல் அவர் வந்திருக்க மாட்டார். ஆனால் அவர் மேடையில் பேச ஒரு காயம் தேவைப்பட்டது, அதை வெர்சாய் கொடுத்தது. மாறாக, நெப்போலியனின் போர்களால் ஐரோப்பாவையே அலறவைத்த பிரான்சுக்கு வியன்னா மாநாட்டில் இருக்கை கிடைத்தது. 1818-க்குள் அந்நியப் படைகள் அங்கிருந்து வெளியேறின. 1953-இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் பழைய கடனில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளுபடி செய்தவர்களில் பலர் முன்பு ஜெர்மனியோடு போரிட்டவர்களே.

ஈழத்தைப் பற்றிப் பேசாமல் தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளில் தலையங்கம் எழுத முடியாது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. மாவீரர் துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு தாய் விளக்கேற்றுவதுகூடக் குற்றமானது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமாகாண சபையின் காலம் 2018-இல் முடிந்த பிறகு வருடக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. அங்கே மீண்டும் ஆயுதம் எழக் கூடாது என்பதே நம் விருப்பம். அதனால்தான் இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் மாகாணங்களுக்குத் தரும் அதிகாரங்களாவது முழுமையாகத் தரப்பட வேண்டும் என்று இந்தியா விடாமல் வலியுறுத்த வேண்டும் என்கிறோம்.

இனி நம் வாசலுக்கு வருவோம். கட்டபொம்மன் கலெக்டரைத் தேடிப் போன பேரையூரின் பெயரில் இன்று ஒரு வட்டம் இருக்கிறது. உத்தபுரம் அந்த வட்டத்தில்தான் உள்ளது. 1989 சாதிக் கலவரத்துக்குப் பின் அங்கே ஒரு சுவர் எழுந்தது. அது ஊர்ப் பெரியவர்கள் கூடிச் செய்த சமாதானத்தின் விளைவு என்றது ஒரு தரப்பு. தங்களை அடைத்து வைத்த சுவர் அது என்றார்கள் தலித் மக்கள். சண்டை ஓய்ந்ததற்கு விலையாகத் தங்கள் வழியையும் வழிபாட்டையும் விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். 2008 மே 6 அன்று அரசு சுவரின் ஒரு பகுதியை இடித்தபோது, ஓய்ந்ததாக நினைத்த பகை அப்படியே வெளியே வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிரும் போயிற்று. 2011-இல் காவல் துறையும் மாவட்ட நிர்வாகமும் பொறுமையாக முயன்று வேறு வகையான உடன்பாட்டைக் கொண்டுவந்தன. கோயில் வழிபாடு, பாதை, பரஸ்பர வழக்குகளைத் திரும்பப் பெறுதல் என்று இரு தரப்பும் எதையோ பெற்றன. அதற்குப் பிறகும் திருவிழாக் காலங்களில் உரசல்கள் வந்தன. ஆனாலும் 1989-இன் சுவரையும் 2011-இன் உடன்பாட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

விருதுநகர் மாவட்டமும் இதற்கு விலக்கில்லை. தெருப் பெயர், கொடிக்கம்பம், தேர் போகும் வழி என்று ஏதோ ஒன்றில் மோதல் வரும். கோட்டாட்சியர் அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ அமைதிக் கூட்டம் நடக்கும். ஒரே நாளில் தாளில் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் அதிகாரிகளுக்கு. பல கூட்டங்களில் ஆள்பலம் குறைந்த தரப்பிடம், ‘இந்த வருஷம் விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்லப்படுகிறது. மறு வருஷமும் அதே தரப்பிடம்தான் அதே சொல் வருகிறது. ஒரு தெருவின் இளைஞர்கள் எல்லோர் மீதும் வழக்குப் போட்டு, வழக்கை வைத்துக்கொண்டே கையெழுத்துக் கேட்பதும் நடக்கிறது. பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்துக் கயத்தாற்றில் நிறுத்தியது நினைவுக்கு வருகிறது.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பவை இவை. அமைதிக் கூட்டத்தின் முடிவை ஊர் மக்கள் படிக்கும்படி எழுதி ஒட்ட வேண்டும். நிபந்தனைகள் சட்டம் தரும் உரிமை எதையும் பறிக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டவரே சம்மதித்தாலும் கூடாது. கூட்டத்துக்குப் பெண்களையும் அழைக்க வேண்டும். வழக்கும் கைதும் வந்தால் வீட்டைத் தாங்குவது அவர்கள்தான். சம்பவத்தில் இல்லாதவர்களின் பெயர்களை வழக்கிலிருந்து நீக்கிய பிறகே கையெழுத்தைக் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே அதிகாரி அதே ஊருக்குப் போய், இரு தெருக்களிலும் உட்கார்ந்து, எந்த நிபந்தனை நடந்தது, எது யாரை நெருக்குகிறது என்று கேட்டு, மாற்ற வேண்டியதை மாற்றி எழுத வேண்டும்.