சைகோன் போகும் டீச்சருக்கு



இந்த மாதக் கடிதக் கட்டில் ஒன்று விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தது. எழுதியவர் ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். முடித்து, ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். வியட்நாமின் ஹோ சி மின் நகரில், ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. மாவடு போடலாமா, பருப்புப் பொடி அரைக்கலாமா என்று வீடே பரபரத்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் சார். எனக்கே தாய்மொழி இல்லாத ஒன்றை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் யார்?"

மாவடுவைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்த 'நான் யார்'.

அம்மா, இந்தச் சந்தேகம் உங்களுடையதே அல்ல. யாரோ போட்ட விதை. 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிக் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரே அதைக் கற்பிக்க உகந்தவர் என்ற எண்ணம் அங்கேதான் கொள்கை போல ஊன்றிக்கொண்டது. மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் வந்த தன் நூலில் அந்த மாநாட்டின் அடிப்படைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இவை வெறும் பிரமைகள் என்று வாதிட்டார். நம்மவர் ஒருவருக்கும் இந்த வாதத்தில் பெரிய பங்குண்டு. சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். காகிதத்துக்கே தட்டுப்பாடாக இருந்த அந்த வகுப்பறைகளில், மாணவர்கள் ஆங்கிலத்தை எப்படித் தங்கள் வசத்துக்கு வளைத்துக்கொண்டார்கள் என்று எழுதினார். 1999இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்று உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதை உங்களையும் என்னையும் போலப் படித்துக் கற்றவர்கள்தான்.

இத்தனைக்குப் பிறகும் விளம்பரங்களில் 'தாய்மொழியாளர் மட்டும்' என்ற வரி போகவில்லை. பெற்றோர் வெள்ளை முகத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று சமாதானம் சொல்லும் மையங்கள் உண்டு. நேர்காணலில் உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். வருத்தப்படலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் இந்தச் சுவரை முட்டி முட்டியே நமக்கு முன்னால் அங்கே வழி உண்டாக்கியிருக்கிறார்கள்.

உங்களிடம் இருக்கும் சரக்கு என்ன தெரியுமா? எங்கே தடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓர் உதாரணம். வியட்நாமிய மொழியில் ஸ், ஃப், ல் போன்ற ஒலிகளில் சொல் முடியாது. க், ட், ப் முடிவில் வந்தாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அதனால் லைஃப், லைக், லைட் மூன்றும் பிள்ளைகள் வாயில் ஏறத்தாழ ஒரே சொல்லாகிவிடும். நாம் நேர்மாறு. க், ஸ் போன்ற மெய்யில் முடித்தால் நமக்கு வாய் ஒப்பாது. 'பஸ்ஸு', 'புக்கு' என்று ஓர் உகரத்தை ஒட்டவைத்தால்தான் நிம்மதி. லண்டன்காரருக்கு இவை இரண்டுமே வெறும் தப்பு. அந்த உகரத்தை வாயிலிருந்து உதிர்க்க ஒரு காலத்தில் பாடுபட்ட உங்களுக்கோ, கடைசி ஒலியைத் தேடுகிற பிள்ளையின் உதடு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

சில இடங்களில் உங்கள் அனுபவம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்தேன், வருகிறேன், வருவேன் என்று வினையைக் காலத்துக்கேற்ப மாற்றுவது நமக்குப் பிறவிப் பழக்கம். வியட்நாமிய வினைச்சொல் உருமாறாது. 'நேற்று' என்று முன்னால் ஒரு சொல் இருந்தாலே போதும், இறந்தகாலம் விளங்கிவிடும். நீங்கள் அரை மணியில் கடந்துபோன இறந்தகாலப் பாடத்தில் அவர்கள் மாதக்கணக்கில் நிற்பார்கள். பொறுமை வேண்டும். ஆகவே புறப்படும்முன் ஒரு நோட்டுப் போடுங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் எங்கெங்கே தடுக்கினீர்கள், யார் எப்படிச் சொன்னபோது புரிந்தது என்று நினைவு வரும்போதெல்லாம் எழுதிவையுங்கள். நான் அறிந்தவரை இதைவிடப் பயனுள்ள ஆயத்தம் கிடையாது.

சான்றிதழ் படிப்பைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை. 120 மணி நேர டெசால் (பிறமொழியாளருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) என்று இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். வகுப்பறையையே பார்க்காமல் வாங்கிவிடலாம். கேம்பிரிட்ஜின் செல்ட்டா படிப்பிலும் 120 மணி நேரம்தான். ஆனால் அதில் உண்மையான மாணவர்கள் முன் 6 மணி நேரம் நீங்கள் பாடம் நடத்த, பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வித்தியாசம் அந்த 6 மணி நேரத்தில் இருக்கிறது. தாய்மொழியாளர் அல்லாதவர்களிடம் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்ச்சிச் சான்றும் கேட்பார்கள்.

இனி காகித வேலை. நம் ஊர்க்காரர்களை அலைக்கழிப்பது இதுதான், அதிலும் இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'எஸ். கவிதா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'கவிதா செல்வராஜ்' ஆகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்தவர் என்றால் கணவர் பெயர் வேறு. நமக்கு இதில் குழப்பமே இல்லை. அயல்நாட்டு அலுவலகத்தில் இருப்பவருக்கோ இவர்கள் மூன்று பெண்கள். நோட்டரியிடம் 'இரு பெயரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குவதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். பட்டச் சான்றிதழை மாநில உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், தேவைப்பட்டால் அதன்பின் அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்கச் சொல்வார்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்கலாம். எந்தத் தாளுக்கு எந்த முத்திரை என்பதை ஏஜென்டிடம் கேட்காதீர்கள். வேலை தரும் மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட் என்றதும் சொல்லியாக வேண்டும். 'சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், வேலை அனுமதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் வியட்நாம் 90 நாள் வரை மின்விசா தருகிறது. அது ஊர் பார்க்க, வேலை பார்க்க அல்ல. கணினி வேலை என்று நம்பி தாய்லாந்துக்குப் போன நம் பிள்ளைகள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கிய கதை 2022இல் நாம் படித்ததுதான். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற முகவர் பட்டியல் இருக்கிறது. தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. விசாரிக்கக் காசு செலவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1976இல் ஹோ சி மின் நகர் என்று பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள். ஸ்வெட்டர் வேண்டாம், ஏறக்குறைய சென்னை வெயில், மே முதல் நவம்பர் வரை மழை. (ஹனோய்க்குப் போகிறவர்கள் ஸ்வெட்டரை மறக்க வேண்டாம்.) எழுத்து ரோமன் எழுத்து என்பதால் கடைப் பலகைகளை முதல் நாளே வாசித்துவிடுவீர்கள், வாசித்தது அத்தனையும் தப்பாக இருக்கும். மேலும் கீழும் உள்ள குறிகள்தான் சொல்லின் உயிர். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவில் ஆட்டோவுக்குப் பதிலாக ஓடும் பைக் டாக்சிக்காரரிடம் நீட்டும்முன் சுழியங்களை எண்ணிவிடுங்கள். நம் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கை உரிமத்தை. ஊரே இருசக்கர வாகனத்தில் போகிறதே என்று நீங்களும் ஸ்கூட்டர் எடுத்தால், விபத்தின்போது காப்பீட்டுக்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான்.

அறிமுகமானவுடன் உங்கள் வயதைக் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், அக்காவா, தங்கையா, அத்தையா என்று தெரிந்தால்தான் அவர்களால் உங்களை அழைத்துப் பேச முடியும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில் மீன் சாறு இல்லாத குழம்பு அரிது. சைவம் என்றால் 'சய்' என்று கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் அங்கேயும் பலர் கவிச்சி தொடமாட்டார்கள், அன்றைக்குச் சைவக் கடைகளில் கூட்டம் தாங்காது. மாவடு ஒரு சின்ன பாட்டில் போதும் அம்மா, நம் ஊர் வாடை அங்கேயும் உண்டு. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், துருவோங் தின் தெருவில், நம் முன்னோர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சியில் வேலைக்குப் போனவர்களும், வட்டித் தொழில் செய்த செட்டியார்களும் வாழ்ந்த ஊர் அது. இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

வேலை நேரம் சாயங்காலமும் சனி ஞாயிறும்தான். பிள்ளைகள் பள்ளி முடிந்துதானே வருவார்கள். இரவு 9 மணிக்கு வகுப்பு முடிந்தால் நம் கடிகாரத்தில் ஏழரை. அம்மாவிடம் பேசத் தோதான நேரம். டெட் என்னும் சந்திரப் புத்தாண்டுக்கு மையங்களை ஒரு வாரத்துக்கு மேலும் மூடுவார்கள். மணிக்கணக்குச் சம்பளம் என்றால் அந்த நாட்களுக்குப் பெரும்பாலும் கூலி கிடைக்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் இதைக் கேளுங்கள். வேலைக்குப் பஞ்சம் வராது. 2024 ஆகஸ்டில் அந்த நாட்டை ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழு, பள்ளிகளில் ஆங்கிலத்தைப் படிப்படியாக இரண்டாம் மொழியாக்குவதென முடிவெடுத்திருக்கிறது.

வியட்நாமிலோ, மாலத்தீவிலோ, எத்தியோப்பியாவிலோ ஆங்கிலம் கற்பித்துத் திரும்பிய வாசகர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். ஒப்பந்தம், சம்பளப் பிடித்தம், வாடகை முன்பணம், இந்த மூன்றைப் பற்றி மட்டும் எழுதி அனுப்புங்கள். இயற்கை வர்ணனை வேண்டாம். தாளின் ஒரு பக்கத்தில் எழுதினால் அச்சுக் கோப்பவர் உங்களை வாழ்த்துவார்.

அன்புடன்,
ஆசிரியர்