உதிரிச் சொப்பு
ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோயில் பக்கத்துக் கடையொன்றில், அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் முன்னால் ஒரு சிறுமி நின்றாள். எட்டு வயதிருக்கும். வீட்டில் அடுப்பும் அம்மியும் இருக்கிறதாம், குடம்தான் இல்லை. “அண்ணாச்சி, குடம் மட்டும் தருவியளா?” “செட்டாத்தான் தாரது, தாயி.” கையிலிருந்த இருபது ரூபாய் நோட்டை அவள் திரும்ப மடித்துக்கொண்டதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. செட்டின் விலைக்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். சொப்பு கடையும் மஞ்சள் கடம்பு மரம் அரிதாகிவிட்டது. கடைசலில் சுழலும் கட்டை மேல் அரக்கை அழுத்தி, உராயும் சூட்டிலேயே நிறம் ஏற்றும் கைகளுக்குக் கூலியும் கட்ட வேண்டும். இறக்குமதி பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனபோது, நம் கைவினைஞர்களுக்கு நல்லதென்று வரவேற்றவன்தான் நான். ஆனால் பிள்ளைகளின் சேகரிப்பு ஒவ்வொன்றாகத்தான் வளரும். தேருக்குத் தேர் ஒரு சொப்பு என்று சேர்த்தாள் என் அக்கா. அவளுடைய பனையோலைப் பெட்டியில், மூடி தொலைந்த சிவப்புப் பானை ஒன்று இன்னும் இருக்கிறது. பரிசு கொடுக்கிற பெரியவர்களுக்குச் செட்டுப் பெட்டி இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு கூடையில் உதிரிச் சொப்புகளையும் குவித்து வையுங்கள், அண்ணாச்சி. அடுத்த ஆனிக்கு அந்தப் பிள்ளை தன் குடத்தைத் தானே பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும்.