ஏழு வானமும் ஸ்ட்ரிங் தியரியும்



நேற்று தரம் பத்துப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "சேர், ஏழு வானத்தையும் சயன்ஸ் நிரூபிச்சிட்டாம். ஏன் எங்கட புத்தகத்தில இல்ல?"

ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றும் அந்த வொய்ஸை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சுப்பர்ஸ்ட்ரிங் தியரிப்படி பிரபஞ்சத்துக்குப் பதினொரு பரிமாணமாம். நாம் அறிந்த நான்கைக் கழித்தால் ஏழு. அதுதான் ஏழு வானமாம்.

கழித்தல் மட்டும் சரி.

இலத்திரன், குவாக் போன்ற துணிக்கைகள் புள்ளிகள் அல்ல, அதிரும் நுண்ணிய இழைகள் என்பதுதான் அந்தத் தியரி. ஒரே இழை, அதிர்வு மாறினால் வேறு துணிக்கை. இழையை ஒரு மில்லிமீற்றராகப் பெருப்பித்தால், அதே கணக்கில் ஒரு புரோத்தனைக் கடக்க ஒளிக்கே சுமார் பத்து வருடம் வேண்டும். அவ்வளவு சிறிசு. 1974இல் ஷெர்க்கும் ஷ்வார்ஸும் ஓர் அதிர்வு ஈர்ப்பைச் சுமக்கும் துணிக்கைபோல நடப்பதைக் காட்டினார்கள். 1984இல் கிரீனும் ஷ்வார்ஸும் கணிதத்தில் இருந்த பெரிய முரண்பாடொன்றைத் தீர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அப்போது பரிமாணம் பத்து. பதினொன்று என்று விட்டன் சொன்னது 1995இல். அப்படியென்றால் 1984இல் வானம் ஆறா? வொய்ஸ் போட்டவர் பதில் சொல்லட்டும். அதைவிட, அந்த மேலதிகப் பரிமாணங்கள் அணுவை விடச் சிறிதாகச் சுருண்டு கிடப்பதாகத்தான் பொதுவாகக் கருதுகிறார்கள். தலைக்கு மேல் விரிந்த வானத்தை அதற்குள் எப்படி அடைப்பது?

நிரூபணமும் இல்லை. ஜெனீவாவில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள எல்.எச்.சி. 2012இல் ஹிக்ஸ் துணிக்கையைப் பிடித்தது. இந்தத் தியரிக்குத் தேவையான சுப்பர் ஜோடித் துணிக்கைகளில் ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை. பிழை என்றும் யாரும் காட்டவில்லை. அழகான கணிதம், பரிசோதனைக்குக் காத்திருக்கிறது.

"குர்ஆனை சயன்ஸ் உறுதிப்படுத்தினால் உங்களுக்கென்ன கஷ்டம்?" என்று ஒருவர் கேட்டார். கஷ்டம் எனக்கில்லை, அந்தப் பிள்ளைக்கு. நாளைக்கு இந்தத் தியரி விழுந்தால் அதன் ஈமானுக்கு யார் பொறுப்பு? ஏழு வானத்தை நம்ப எனக்கு விட்டனின் கையெழுத்து தேவைப்படவில்லை.

வொய்ஸை அனுப்பியவர்கள் தயவுசெய்து அதே குரூப்பில் திருத்தத்தையும் போடுங்கள். பிள்ளைக்கு நான் திங்கட்கிழமை கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன்.